பட்டியலின் மேல் செயற்கூறு: மேப், ஃபில்டர், ஃபோல்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலிருந்தும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வார இறுதி வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவர்கள், செயற்கூறுகளைக் கொண்டே நிரலை அமைக்கும் ஃபங்ஷனல் புரோகிராமிங் பாடம் தொடங்கிய முதல் மாதத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக் கணக்கைப் போன்றவை. வகுப்பில் பலர் வீட்டில் பூத்தோட்டமோ பூ வியாபாரமோ இருப்பதால், எடை, கமிஷன், சிட்டை ஆகிய சொற்களை நான் விளக்க வேண்டியிருப்பதில்லை. விலைகளும் கமிஷன் விகிதமும் கணக்குக்காக வைத்துக்கொண்டவையே. நிரல் வரிகளை, எந்த மொழியில் பழகுபவருக்கும் புரியும்படி, தமிழ்ப் பெயர்களால் எழுதியுள்ளேன்.

பட்டியலின் மேல் செயற்கூற்றைச் செலுத்துவது என்றால் என்ன?

விடியற்காலையில் ஐந்து விவசாயிகள் மல்லிகை மொட்டைக் கமிஷன் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். தராசு காட்டிய எடைகள் கிலோவில் [4, 7, 3, 12, 5]. அன்றைய விலை கிலோவுக்கு 600 ரூபாய். ஓர் எடைக்கு எவ்வளவு தொகை என்று சொல்லும் செயற்கூற்றை (ஃபங்ஷன்: ஒரு மதிப்பைப் பெற்று இன்னொரு மதிப்பைத் தரும் நிரல் துண்டு) இப்படி எழுதுகிறோம்:

தொகை(எடை) = எடை × 600

இந்தச் செயற்கூற்றுக்கு ஓர் எடையைப் பற்றி மட்டுமே தெரியும். பட்டியல் என்று ஒன்று இருப்பதையோ, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையோ அது அறியாது. பட்டியலின் முதலிலிருந்து கடைசி வரை நடந்து, ஒவ்வோர் உறுப்பையும் அதனிடம் கொடுத்து, திரும்பக் கிடைப்பவற்றை அதே வரிசையில் புதிய பட்டியலாக்கும் வேலையை மேப் ஏற்றுக்கொள்கிறது:

மேப்(தொகை, [4, 7, 3, 12, 5]) → [2400, 4200, 1800, 7200, 3000]

இங்கே மேப்பிடம் 'தொகை' என்ற பெயரை மட்டும் கொடுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தொகை(4) என்று எழுதினால் செயற்கூறு அந்த இடத்திலேயே இயங்கி, 2400 என்ற எண் மேப்பிடம் போய்ச் சேரும். ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு மேப் எதுவும் செய்ய இயலாது. முதல் வாரத்தில் மாணவர்கள் காட்டும் பிழைச் செய்திகளில் பெரும்பாலானவை இந்த அடைப்புக்குறியால் வந்தவைதான். செயற்கூற்றையே ஒரு பொருளாக இன்னொரு செயற்கூற்றின் கையில் கொடுக்கலாம் என்பது மனத்தில் படிவதற்குச் சில நாட்கள் ஆகும்; அதற்காக அவசரப்பட வேண்டியதில்லை.

இதை ஃபார் லூப்பிலேயே எழுதிவிடலாமே?

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் லூப்பிலும் எழுதலாம், விடையும் அதேதான் வரும். ஆனால் அந்த லூப்பைப் படிப்பவர் என்னென்ன சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். வெற்றுப் பட்டியல் ஒன்றை லூப்புக்கு வெளியே தொடங்கியிருக்கிறோமா, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா ஒன்றிலிருந்தா, கடைசி உறுப்பு விடுபடுகிறதா, நடுவில் எங்காவது பழைய பட்டியலே மாற்றப்படுகிறதா, ஏதேனும் ஒரு நிபந்தனையில் லூப் பாதியிலேயே முடிந்துவிடுகிறதா ஆகிய அனைத்தையும் வரி வரியாகப் பார்த்த பிறகுதான், 'இது ஒவ்வோர் எடையையும் தொகையாக மாற்றுகிறது' என்ற முடிவுக்கு வர முடியும். மேப் என்ற ஒரு சொல்லைப் பார்த்தவுடன் அந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. மீதமிருப்பது 'தொகை' சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்ற ஒரே கேள்விதான்.

லூப்பில் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: ஒன்றுக்கு என்ன செய்வது, எல்லாவற்றின் மேலும் எப்படி நடந்து செல்வது. இவ்விரண்டையும் பிரித்து வைப்பதுதான் மேப் செய்யும் பெரிய உதவி என்று நான் கருதுகிறேன். பிரித்து வைத்தால் 'தொகை' செயற்கூற்றைப் பட்டியலே இல்லாமல், ஒற்றை எண்ணைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். தொகை(4) என்பது 2400 ஆனால், ஐயாயிரம் பேர் கொண்ட பட்டியலிலும் நான்கு கிலோ கொண்டுவந்தவருக்கு 2400 தான்.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது?

தருக்கவியலாளர் அலோன்சோ சர்ச் 1930-களில் உருவாக்கிய, செயற்கூறுகளைக் கொண்டே கணிப்பை விவரிக்கும் லாம்டா நுண்கணிதத்தில், செயற்கூற்றைச் செயற்கூற்றிடம் கொடுப்பது இயல்பான செயல். ஜான் மெக்கார்த்தி 1960-ல் வெளியிட்ட, லிஸ்ப் என்னும் நிரல்மொழி பற்றிய கட்டுரையிலேயே 'மேப்லிஸ்ட்' வந்துவிட்டது. அது ஒவ்வோர் உறுப்பின் மேலும் செல்லாமல், முழுப் பட்டியல், முதல் உறுப்பு நீங்கிய பட்டியல், முதல் இரண்டும் நீங்கிய பட்டியல் என்று எஞ்சியிருக்கும் பகுதிகளின் மேல் செயற்கூற்றைச் செலுத்தியது. உறுப்புகளின் மேல் செல்லும் லிஸ்ப் வடிவத்துக்கு 'மேப்கார்' என்று பெயர். ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸ், 1977-ல் கணினி அறிவியலுக்கான டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில், சொல் சொல்லாக நினைவகத்தை மாற்றிக்கொண்டிருக்கும் நிரலாக்க முறையைக் கடுமையாக விமர்சித்து, 'எல்லாவற்றின் மேலும் செலுத்து' என்பதை அடிப்படை வடிவங்களுள் ஒன்றாக முன்வைத்தார். பைதானில் 1994-ல் வெளியான 1.0 பதிப்பிலிருந்தே மேப் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையில் 2009-லும், ஜாவாவில் எட்டாம் பதிப்பு வந்த 2014-லும் சேர்ந்தது.

மேப் நமக்கு என்னென்ன உறுதி தருகிறது?

நீளம் மாறாது, ஐந்து எடை கொடுத்தால் ஐந்து தொகை வரும். வரிசை மாறாது, மூன்றாம் விவசாயியின் தொகை மூன்றாம் இடத்திலேயே இருக்கும். ஓர் உறுப்பின் விடை பக்கத்து உறுப்பைப் பொறுத்திருக்காது. பழைய பட்டியல் அப்படியே இருக்கும். வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால் வெற்றுப் பட்டியலே திரும்பும், அதற்கென்று தனி நிபந்தனை எழுத வேண்டாம்.

இவ்வுறுதிகள் முழுமையாக நிற்க வேண்டுமானால், நாம் கொடுக்கும் செயற்கூறும் ஒழுங்காக இருக்க வேண்டும். வெளியே உள்ள மாறியைத் திருத்துவது, கோப்பில் எழுதுவது, திரையில் அச்சிடுவது போன்ற பக்கவிளைவுகள் அதற்குள் புகுந்தால், எந்த உறுப்பு முதலில் கணக்கிடப்படுகிறது என்பது முக்கியமாகிவிடுகிறது. அச்சிடுவதற்காக மட்டும் ஒவ்வோர் உறுப்பையும் தொட வேண்டியிருந்தால் சாதாரண லூப்பையே பயன்படுத்துங்கள். புதிய பட்டியல் தேவைப்படாத இடத்தில் மேப் எழுதுவது, படிப்பவருக்குப் பொய்யான குறிப்பைக் கொடுப்பதாகும்.

விலை நாளுக்கு நாள் மாறுகிறதே, 600 என்று உள்ளே எழுதிவைக்கலாமா?

கூடாது. முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கே போகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேப்புக்கு வேண்டியது ஒரே ஒரு விவரத்தை ஏற்கும் செயற்கூறு. நம்மிடம் இருப்பதோ விலை, எடை என்னும் இரண்டு விவரங்கள். எனவே விலையை மட்டும் முதலில் பெற்றுக்கொண்டு, எடைக்காகக் காத்திருக்கும் புதிய செயற்கூற்றைத் திருப்பித் தரும் ஒன்றை எழுதுகிறோம்:

விலைவை(விலை) = (எடை → எடை × விலை)

மேப்(விலைவை(600), எடைகள்)
மேப்(விலைவை(1500), எடைகள்)

விலைவை(600) என்பது இயங்கி முடிந்த பின் நமக்குக் கிடைப்பது ஒரு செயற்கூறு. அதனால் இங்கே அடைப்புக்குறி இருப்பது பிழையாகாது. பல விவரங்களை ஒவ்வொன்றாக ஏற்கும்படி செயற்கூற்றை மாற்றும் இந்த முறைக்கு, ஹாஸ்கெல் கறி என்னும் தருக்கவியலாளரின் பெயரால் 'கறியிங்' என்று பெயர் வழங்குகிறது. மோசஸ் ஷோன்ஃபிங்கல் 1924-லேயே இக்கருத்தை எழுதியிருக்கிறார். மேலே அடைப்புக்குள் அம்புக்குறியோடு உள்ள பெயரில்லாத செயற்கூறுதான் லாம்டா. ஒரே இடத்தில் ஒரே முறை பயன்படும் சிறிய கணக்குக்கு லாம்டா போதும். இரண்டு வரிக்கு மேல் நீண்டால் பெயர் வைத்துவிடுவது நல்லது.

மல்லிகைக்கு ஒரு விலை, பிச்சிக்கு ஒரு விலை, கனகாம்பரத்துக்கு வேறு விலை என்றால்?

இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடக்க வேண்டும். எடைகள் [4, 7, 3], விலைகள் [600, 450, 900] ஆனால், இணையிணையாகப் பெருக்கும்போது [2400, 3150, 2700] கிடைக்கும். ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் இதற்கு 'ஜிப்வித்' என்ற செயற்கூறு உண்டு. பைதானில் மேப்பிடமே இரண்டு பட்டியல்களைக் கொடுக்கலாம். இரண்டு மொழிகளிலும் குட்டையான பட்டியல் முடிந்த இடத்தில் நடை நின்றுவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. விலைப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தால் கடைசியாக வந்த விவசாயி கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார். ஆகவே நீளங்கள் சமமா என்று முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள்.

ஐந்து கிலோவும் அதற்கு மேலும் உள்ளவை மட்டும் வேண்டும். மேப்பில் நிபந்தனை வைத்தேன், மெய், பொய் என்று வருகிறது. ஏன்?

மேப் உங்கள் கேள்விக்கு உண்மையாகவே விடை சொல்லியிருக்கிறது: [பொய், மெய், பொய், மெய், மெய்]. மேப்பால் எந்த உறுப்பையும் நீக்க முடியாது. நீளம் மாறாது என்பது அது கொடுத்த வாக்கு. பொறுக்கி எடுப்பதற்கு ஃபில்டர் இருக்கிறது. மொட்டுக் குவியலிலிருந்து வாடியதையும் மலர்ந்துவிட்டதையும் ஒதுக்கி, நல்ல மொட்டை மட்டும் வைத்துக்கொள்வதைப் போன்றது அது: எந்த மொட்டும் வேறொன்றாக மாறாது, எண்ணிக்கை மட்டும் குறையலாம்.

ஃபில்டர்(எடை → எடை ≥ 5, [4, 7, 3, 12, 5]) → [7, 12, 5]

கூட்டுத்தொகைக்கு என்ன செய்வது? ஃபோல்டு மட்டும் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

பலருக்கும் இதுதான் கடினமான பகுதி. எனவே சற்று நின்று பார்ப்போம்.

பூக்கட்டுபவரின் கையைக் கவனியுங்கள். முதலில் வெறும் நார் இருக்கிறது. இரண்டு பூவை எடுத்து நாரில் வைத்து ஒரு முடிச்சு. இப்போது கையில் இருப்பது சிறு சரம். அடுத்த இரண்டு பூவை எடுக்கும்போது, அதை இதுவரை கட்டிய சரத்தின் முனையில்தான் வைக்கிறார். ஒவ்வொரு முடிச்சுக்கும் இரண்டு பொருள்கள் தேவை: இதுவரை கட்டிய சரம், புதிதாக எடுத்த பூ. முடிச்சின் விளைவு மறுபடியும் ஒரு சரம். பூ தீர்ந்ததும் கையில் எஞ்சுவது ஒரே சரம்.

ஃபோல்டு கேட்கும் மூன்றும் இவைதாம்: முடிச்சுப் போடும் விதம், தொடக்கத்தில் கையில் இருக்கும் நார், பூக்களின் பட்டியல். கூட்டுத்தொகைக்கு முடிச்சு என்பது கூட்டல், நார் என்பது பூஜ்யம்:

ஃபோல்டு((இதுவரை, புதியது) → இதுவரை + புதியது, 0, [4, 7, 3, 12, 5]) → 31

'இதுவரை' என்ற மதிப்பு 0, 4, 11, 14, 26, 31 என்று வளர்ந்து செல்வதைத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. அந்த இடைநிலை மதிப்புகளும் வேண்டும் என்றால், உதாரணமாக ஒவ்வொருவர் எடை போட்ட பிறகும் கடையில் சேர்ந்திருக்கும் மொத்த எடை வேண்டும் என்றால், அதற்கு 'ஸ்கேன்' என்னும் உறவுக்காரச் செயற்கூறு உண்டு.

தொடக்க மதிப்பைச் செய்யப்போகும் கணக்குக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெருக்கலுக்குப் பூஜ்யத்தைக் கொடுத்தால் விடை எப்போதும் பூஜ்யம்தான். அங்கே 1 வேண்டும். பைதானில் ஃபோல்டின் பெயர் ரெடியூஸ். மூன்றாம் பதிப்பில் அதை 'ஃபங்க்டூல்ஸ்' என்னும் தொகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

ஃபோல்டில் இடமிருந்து மடிப்பதும் வலமிருந்து மடிப்பதும் ஒன்றுதானா?

கூட்டலுக்கு ஒன்று, கழித்தலுக்கு வேறு. [10, 3, 2] என்ற பட்டியலைப் பூஜ்யத்திலிருந்து இடப்பக்கமாகக் கழித்தால் ((0 − 10) − 3) − 2 என்று −15 வரும். வலப்பக்கத்திலிருந்து கழித்தால் 10 − (3 − (2 − 0)) என்று 9 வரும்.

மேப்பை நானே எழுத முடியுமா?

முடியும், கட்டாயம் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். பட்டியல் வெறுமையாக இருந்தால் விடையும் வெறுமை. இல்லையென்றால் முதல் உறுப்பின் மேல் செயற்கூற்றைச் செலுத்தி, மீதிப் பட்டியலின் மேல் இதே மேப்பைச் செலுத்தி, இரண்டையும் சேர்த்துவிட வேண்டியதுதான்:

மேப்(செ, []) = []
மேப்(செ, [முதல், மீதி…]) = [செ(முதல்), மேப்(செ, மீதி)…]

இதை அப்படியே பைதானில் எழுதி நீண்ட பட்டியலைக் கொடுத்தால், வழக்கமான அமைப்பில் ஆயிரம் அடுக்கை எட்டும்போது செயற்கூறு தன்னையே அழைப்பதற்கான வரம்பை (ரிகர்ஷன் லிமிட்) தாண்டிவிட்டதாகப் பிழை வரும். உங்கள் தருக்கம் சரியாகத்தான் இருக்கிறது. அந்த மொழி இவ்வகை நடைக்காக அமைக்கப்படவில்லை.

அடுத்தடுத்து இரண்டு மேப் வந்தால் ஒன்றாக்கலாமா?

தொகையைக் கணக்கிட்ட பிறகு பத்து சதவீதக் கமிஷனைக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேப்(கழி, மேப்(தொகை, எடைகள்)) என்று எழுதினால் [2160, 3780, 1620, 6480, 2700] கிடைக்கும். ஒவ்வோர் எடைக்கும் கழி(தொகை(எடை)) என்று ஒரே நடையில் செய்தாலும் இதே விடைதான். பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' பாடத்தில் ஒரு சார்பின் விடையை மற்றொரு சார்புக்குள் இட்டு இரண்டையும் ஒன்றாக்கினோமே, அதுதான் இங்கே பயன்படுகிறது. நடுவில் ஒரு பட்டியல் உருவாவது தவிர்க்கப்படுகிறது. ஹாஸ்கெல் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிஎச்சி கம்பைலர் இத்தகைய சமன்பாடுகளை மாற்று விதிகளாக வைத்துக்கொண்டு, மேம்படுத்தலோடு (-O) இயக்கும்போது இந்த இணைப்பைத் தானாகவே செய்யும். பக்கவிளைவு இல்லாத செயற்கூறுகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

பைதானில் மேப்பின் விடை முதல்முறை சரியாக வருகிறது, இரண்டாம் முறை காலியாக இருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு ஒரு குறிப்பிட்ட காலைப்பொழுது நினைவுக்கு வருகிறது. பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த சிறு நிரல், எடைகளைத் தொகைகளாக மாற்றி, முதலில் அன்றைய மொத்தத்தைத் திரையில் காட்டி, பிறகு ஒவ்வொரு விவசாயிக்கும் சிட்டை அச்சிட வேண்டும். மொத்தம் காசு பிசகாமல் வந்தது. சிட்டை ஒன்றுகூட வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. ஊருக்குத் திரும்பும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று விவசாயிகள் நின்றுகொண்டிருக்க, கணக்குப்பிள்ளை பழைய சிட்டைப் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினார். பிரிண்டரில் கோளாறு என்று நினைத்துக் கம்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். குறை நிரலில் இருந்தது.

பைதானின் இரண்டாம் பதிப்பு வரை மேப் பட்டியலையே திருப்பித் தந்தது. 2008-ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கொடுக்கும் இடரேட்டரைத் தருகிறது. மொத்தத்தைக் கூட்டும்போதே அது கடைசி வரை தீர்ந்துவிடுகிறது. பிறகு சிட்டை அச்சிட நடந்தால் நடப்பதற்கு அதில் எதுவும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேவைப்படும் விடையை உடனே 'லிஸ்ட்' என்னும் செயற்கூற்றுக்குள் இட்டுப் பட்டியலாக்கிக்கொள்ளுங்கள். ஹாஸ்கெலும் தேவைப்படும்போதுதான் கணக்கிடுகிறது. ஆனால் அங்கே கணக்கிட்ட உறுப்பு பட்டியலிலேயே இருப்பதால், மறுமுறை படித்தாலும் அதே மதிப்புகள் கிடைக்கும்.

பைதானில் மேப் எழுதுவதா, லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் எழுதுவதா?

பெயருள்ள செயற்கூறு ஏற்கெனவே கையில் இருந்தால் மேப். லாம்டா எழுத வேண்டியிருந்தால், பட்டியலின் அடைப்புக்குள்ளேயே கணக்கையும் நடையையும் சேர்த்து எழுதும் காம்ப்ரிஹென்ஷன். கருத்து இரண்டிலும் ஒன்றுதான்.

ஜாவாஸ்கிரிப்டில் "10", "10", "10" என்ற எழுத்துச் சரங்களை எண்ணாக்கினால் விசித்திரமான விடை வருகிறதே?

மேப்பிடம் 'பார்ஸ்இன்ட்' செயற்கூற்றை நேரடியாகக் கொடுத்திருப்பீர்கள். ஜாவாஸ்கிரிப்டின் மேப், உறுப்பை மட்டும் கொடுக்காமல், அதன் இட எண்ணையும் முழுப் பட்டியலையும் சேர்த்தே கொடுக்கிறது. பார்ஸ்இன்ட் இரண்டாவதாக வருவதை எண்முறையின் அடிமானம் என்று எடுத்துக்கொள்ளும். முதல் உறுப்புக்கு அடிமானம் 0. அதைக் குறிப்பிடப்படாததாகக் கருதிப் பதின்மமாகப் படித்து 10 தருகிறது. இரண்டாவதற்கு அடிமானம் 1. அப்படியோர் எண்முறையை அது ஏற்காததால் 'எண் அல்ல' என்ற மதிப்பு வருகிறது. மூன்றாவதற்கு அடிமானம் 2. இரும முறையில் "10" என்பது 2. சரம் → பார்ஸ்இன்ட்(சரம், 10) என்று ஒரே விவரம் ஏற்கும் லாம்டாவாகச் சுற்றிக் கொடுத்தால் சிக்கல் தீரும்.

ஒரு விவசாயி மூன்று மூட்டை கொண்டுவருகிறார். பட்டியலுக்குள் பட்டியல் வந்துவிடுகிறதே?

[[4, 2], [7], [3, 3, 6]] என்பது போன்ற அமைப்பில், விவசாயிவாரியாகத் தொகை வேண்டுமென்றால் மேப்புக்குள் மேப் எழுதுங்கள். வடிவம் அப்படியே நிற்கும். யாருடையது என்ற வேறுபாடின்றி எல்லா மூட்டைகளும் ஒரே வரிசையில் வேண்டுமென்றால் 'ஃபிளாட்மேப்' பயன்படும். அது உள் அடைப்புகளில் ஓர் அடுக்கை மட்டும் நீக்குகிறது.

மிகப் பெரிய தரவுகளுக்கும் இதே முறைதானா?

கூகுளின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கேமாவத்தும் 2004-ல் வெளியிட்ட மேப்ரெடியூஸ் கட்டுரை, லிஸ்ப் போன்ற மொழிகளில் உள்ள மேப், ரெடியூஸ் ஆகியவற்றிலிருந்தே தங்கள் கருத்து உருவானதாகச் சொல்கிறது. ஓர் உறுப்பின் விடை மற்றோர் உறுப்பைச் சார்ந்திராததால், பட்டியலைத் துண்டுகளாக்கி வெவ்வேறு கணினிகளுக்கு அனுப்ப முடிகிறது. ஒரு கணினி நடுவில் நின்றுபோனால் அதன் துண்டை மட்டும் இன்னொன்றிடம் கொடுத்து மறுபடி செய்யச் சொல்லலாம்.

கணினி இல்லாத வகுப்பில் இதை எப்படிக் காட்டுவது?

பள்ளிகளில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் இதைக் கேட்கிறார்கள். பத்து மாணவர்களை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு தாளில் ஓர் எண்ணை எழுதிக் கொடுங்கள். கரும்பலகையில் 'உன் எண்ணை 600-ஆல் பெருக்கு' என்று எழுதுங்கள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் குனிந்து எழுதுவார்கள். யார் முதலில் முடித்தாலும் விடை வரிசையில் அவரவர் இடத்தில் இருக்கும். அடுத்து அதை அழித்துவிட்டு, 'உனக்கு முன்னால் இருப்பவர் சொல்லும் விடையோடு உன் எண்ணைக் கூட்டு' என்று எழுதுங்கள். இப்போது முதல் மாணவர் மட்டும் எழுதுகிறார்; மற்ற ஒன்பது பேரும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முன்னிருப்பவரின் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.